கயிறு நீண்டால் மாடு வேகமாக ஓடுமா? திரவப் படிக பாலிமரில் ஸ்பேசர் நீளத்தை ஆராய ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் வந்துவிட்டால் ப்ராஜெக்ட் செய்ய பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேருவார்கள். திருச்சி, சேலம், நாகர்கோவில் என்று எங்கிருந்தாவது ராத்திரி ரயிலேறி, விடிகாலையில் கண்டோன்மென்ட்டில் இறங்கி, பெங்களூர் குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்து வராததை நினைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள். முதல் வாரத்துக்குள் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்: “ஸ்பேசர் நீளமா இருந்தா மூலக்கூறு வேகமா அசையும், அவ்வளவுதானே அண்ணா?”

“எந்த அசைவு?” என்று திருப்பிக் கேட்பேன். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்பேசர் என்கிற நெகிழ்வான இணைப்புச் சங்கிலியை நீட்டினால் ஓர் அசைவு ஆயிரம் மடங்கு மாறும், இன்னொன்று கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, மூன்றாவது எதிர்ப்பக்கமாகப் போனாலும் போகும். எல்லாவற்றையும் “மொபிலிட்டி” என்ற ஒரே பையில் போட்டுக் கட்டினால் ஆறு மாத வேலை வீண். நானே வீணடித்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது.

படி 1: மூலக்கூறை வரையுங்கள்

பென்சிலால், பெரிதாக வரையுங்கள். திரவம் மாதிரி ஓடினாலும் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் வரிசை கட்டி நிற்பதுதான் திரவப் படிகம். திரவப் படிக பாலிமரில் மூன்று பாகம் உண்டு. விறைப்பான குச்சி மாதிரியான பகுதி மெசோஜன். பெரும்பாலும் இரண்டு மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்தது. நீண்ட பாலிமர் சங்கிலி முதுகெலும்பு. இரண்டுக்கும் நடுவே சிஎச்2 (ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன்) அலகுகளால் ஆன நெகிழ்வான துண்டு ஸ்பேசர்.

குச்சிகள் முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் தொங்கினால் அது பக்கச்சங்கிலி வகை. குச்சி, ஸ்பேசர், குச்சி, ஸ்பேசர் என்று அவையே மாறி மாறிக் கோத்து முதுகெலும்பாக நின்றால் முதன்மைச்சங்கிலி வகை. இரண்டிலும் ஸ்பேசர் செய்யும் வேலை வேறு என்பதால் இதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் அதிகமும் பக்கச்சங்கிலி வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். என் கை பழகியது அதில்தான்.

ஸ்பேசர் எதற்கு? முளையில் கட்டிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஒரு சாண் என்றால் மாடு தலையைத் திருப்பினாலே முளை ஆடும், முளை ஆடினால் மாட்டின் கழுத்து இழுபடும். கயிறு நீண்டால் இரண்டும் தத்தம் போக்கில் இருக்கலாம். உருகிய பாலிமரில் முதுகெலும்பு நூல்கண்டு மாதிரி சுருளப் பார்க்கும். குச்சிகளோ ஒரே திசையில் வரிசை கட்டப் பார்க்கும். குச்சியை நேராக முதுகெலும்பில் ஒட்டிவிட்டால் இந்த இழுபறியில் பெரும்பாலும் திரவப் படிக நிலையே அமையாமல் போகும். நடுவில் நெகிழ்வான கயிறு போட்டால் இருவர் காரியமும் நடக்கும் என்று ஃபின்கெல்மான், ரிங்ஸ்டார்ஃப், வென்டார்ஃப் மூவரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலிருந்து 1978ல் எழுதினார்கள். இந்தத் துறைக்கே அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனால் கயிறு எவ்வளவு நீண்டாலும் முளை இருக்கத்தான் செய்கிறது. நியூட்ரான் சிதறல் அளவீடுகளில் முதுகெலும்பு முழு உருண்டையாகத் தெரிவதில்லை. குச்சிகளின் ஒழுங்குக்கு ஏற்ப ஒரு பக்கம் நீண்டோ நசுங்கியோதான் தெரிகிறது. “முழுத் துண்டிப்பு”, அதாவது குச்சியும் முதுகெலும்பும் முற்றிலும் தனித்தனி, என்று யாராவது எழுதியிருந்தால் ஒரு சிட்டிகை உப்போடு வாசியுங்கள்.

படி 2: அணுக்களை எண்ணுங்கள், ஆக்ஸிஜனை விட்டுவிடாமல்

இது சின்னப் படிதான், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பாலிமருக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன மூலக்கூறைக் கையில் எடுப்போம். 1973ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு உருவாக்கிய சயனோபைஃபினைல் வரிசை இது. கால்குலேட்டர், கைக்கடிகாரத் திரைகளையெல்லாம் சாத்தியமாக்கியது. ஐந்து கார்பன் வால் உள்ளதை 5சிபி என்போம். பெங்களூர் அறை வெப்பநிலையில் அந்தச் சின்னக் குப்பியைப் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். சூடான டீ டம்ளரோடு ஒட்டி வையுங்கள். 35 டிகிரியைத் தொட்டதும் கண்ணாடி ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கி, திரையை இழுத்தாற்போல் தெளியும். டம்ளரை விலக்கினால் மறுபடி கலங்கும். ஒழுங்கு போவதையும் வருவதையும் இவ்வளவு மலிவாகக் காட்டும் பரிசோதனை வேறு இல்லை. முதல் நாள் வரும் எல்லாருக்கும் இதைக் காட்டிவிட்டுத்தான் மறுபேச்சு.

அந்தத் தெளிவு வெப்பநிலை, வால் நீள நீள எப்படிப் போகிறது? ஐந்து கார்பனுக்குச் சுமார் 35 டிகிரி, ஆறுக்கு 29, ஏழுக்கு 43, எட்டுக்கு 40. ஏற்றம் இறக்கமாக ஆடுகிறது. கார்பன் சங்கிலி நேர்க்கோடு இல்லை, கோணல்மாணலான படிக்கட்டு. ஒற்றைப்படையில் கடைசிப் பிணைப்பு குச்சியின் திசையிலேயே நீள்கிறது. இரட்டைப்படையில் பக்கவாட்டில் திரும்பி இடைஞ்சல் செய்கிறது.

அதே வாலை ஓர் ஆக்ஸிஜன் வழியாக இணைத்தால்? ஐந்துக்குச் சுமார் 68, ஆறுக்கு 76, ஏழுக்கு 74, எட்டுக்கு 80. இப்போது இரட்டைப்படை ஜெயிக்கிறது. விதி மாறவில்லை. ஆக்ஸிஜனும் படிக்கட்டில் ஒரு படி; அதையும் சேர்த்து எண்ணினால் பழைய கணக்கே வரும்.

இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஸ்பேசர் வந்தால் இந்த ஆட்டம் இன்னும் பலமாகும். இணைக்கும் அணுக்கள் இரட்டைப்படை என்றால் இரு குச்சிகளும் ஒரே திசையில் நீள்கின்றன. ஒற்றைப்படை என்றால் மூலக்கூறே வளைகிறது. ஏழு சிஎச்2 உள்ள சிபி7சிபி என்ற இரட்டை மூலக்கூறு அப்படி வளைந்தது. ஆற்றும்போது அது சுமார் 116 டிகிரியில், குச்சிகள் திசை மட்டும் பார்த்து நிற்கும் சாதாரண நெமாட்டிக் நிலைக்கு வருகிறது. 103 டிகிரி வாக்கில், சுமார் 8 நானோமீட்டருக்கு ஒரு சுற்று என்று முறுக்கிக்கொள்ளும் வேறொரு நெமாட்டிக்காகவே மாறிவிடுகிறது. முதன்மைச்சங்கிலி பாலிமர்களில் இதே ஒற்றை இரட்டை ஆட்டம் தெளிவு வெப்பநிலையிலும், அப்போது வெளிப்படும் என்ட்ரோபியிலும் பளிச்சென்று தெரியும்.

ஆகவே நோட்டில் “ஸ்பேசர் 6” என்று மட்டும் எழுதாதீர்கள். “ஆறு சிஎச்2, இரு முனையிலும் ஆக்ஸிஜன், மொத்தம் எட்டு அணு” என்று எழுதுங்கள்.

படி 3: அசைவுகளுக்குப் பெயர் வையுங்கள்

பக்கச்சங்கிலி பாலிமர்களில் வழக்கமாக நான்கு அசைவுகளைப் பிரித்துப் பேசுவோம். மெதுவானதிலிருந்து வேகமானதற்குப் போவோம்.

டெல்டா: குச்சி தலைகீழாகப் புரள்வது. தன் குறுக்கச்சைச் சுற்றிக் குச்சி முழுதாகத் திரும்ப வேண்டும். அக்கம்பக்கத்துக் குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்போது இது நெரிசலில் நிற்பவர் படுத்துப் புரள்கிற மாதிரி. கயிறும் முளையும் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

ஆல்ஃபா: முதுகெலும்பின் துண்டுகள் கூட்டாக அசைவது. பாலிமர் படிகமாகாமலேயே கண்ணாடி மாதிரி இறுகி உறைவது இந்த அசைவு நின்றுபோவதால்தான்.

பீட்டா: குச்சி தன் நீள அச்சைச் சுற்றித் தானே சுழல்வது. பெரிய இடம் தேவையில்லை. கண்ணாடி நிலையிலும் தொடரும். இதன் தடை பெரும்பாலும் ஒரு மோலுக்கு 50 கிலோஜூல் சுற்றுவட்டாரம்.

காமா: ஸ்பேசரின் சிஎச்2 துண்டுகள் உள்ளுக்குள்ளேயே நெளிவது. பொதுவாக மூன்று நான்கு சிஎச்2 தொடர்ச்சியாக இருந்தால்தான் தலைகாட்டும். இது மிகக் குளிரிலும் நடக்கும்.

கடைசியில் சொன்னதன் அடிப்படையையும் பார்த்துவிடுவோம். சிஎச்2 சங்கிலியில் ஒவ்வொரு பிணைப்பும் நேராகவோ இரண்டு பக்கங்களில் ஒன்றுக்குத் திருகியோ நிற்கலாம். நேராக நிற்பதுதான் ஆற்றல் குறைந்தது, ஆனால் வித்தியாசம் ஒரு மோலுக்கு 2 முதல் 3.5 கிலோஜூல்தான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே சுமார் 2.5. 3 கிலோஜூல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பத்துப் பிணைப்பில் கிட்டத்தட்ட நான்கு திருகியே இருக்கும். ஸ்பேசரை நெகிழ வைப்பது இதுதான். சிஎச்2 ஒவ்வொன்றும் நேர்க்கோட்டில் சுமார் 1.25 ஆங்ஸ்ட்ராம் நீளம் கூட்டும், ஆனால் அந்த முழு நீளத்தில் சங்கிலி அபூர்வமாகத்தான் நிற்கும்.

இப்போது கயிற்றை நீட்டினால் என்ன ஆகும்? காமாவுக்கு இடமே கிடைக்கிறது. பீட்டா கண்டுகொள்ளாது, அதன் தடை ஸ்பேசர் நீளத்தைவிட, அக்கம்பக்கத்துக் குச்சிகள் எவ்வளவு நெருங்கி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பார்த்தே மாறும். ஆல்ஃபாவும் டெல்டாவும்தான் பெரிதாக மாறும், ஆனால் அந்த மாற்றத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நம் கணக்கின் கோளாறு என்பதைப் படி 6ல் பார்ப்போம்.

படி 4: வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று நீளம் போதாது. இரண்டு, ஆறு, பத்து என்று எல்லாம் இரட்டைப்படையாக எடுத்தால் ஒற்றை இரட்டை ஆட்டம் உங்கள் கண்ணுக்கே படாது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று தொடர்ச்சியாக ஒரு நான்கும், கூடவே நீளமான ஒன்றிரண்டும் எடுங்கள்.

முதுகெலும்பு ஒன்றாகவே இருக்கட்டும். குச்சி தொங்காத வெறும் முதுகெலும்புகளையே ஒப்பிட்டால் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் சுமார் 105 டிகிரியில் கண்ணாடியாகிறது, பாலிமெத்தில் ஆக்ரிலேட் 10 டிகிரி வாக்கில், பாலிடைமெத்தில் சிலாக்ஸேன் மைனஸ் 125 டிகிரி வாக்கில். முளை கருங்கல்லா, களிமண்ணா என்பதே இத்தனை வித்தியாசம் செய்யும்போது, முதுகெலும்பையும் மாற்றி ஸ்பேசரையும் மாற்றினால் எதற்கு எதைப் பழி சொல்வது?

சங்கிலியின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். தெளிவு வெப்பநிலை பாலிமர் நீள நீள ஏறி, பிறகுதான் ஓர் இடத்தில் நிலைக்கும். முடிந்தால் ஒரே முதுகெலும்பைச் செய்துவைத்துக்கொண்டு, அதன்மேல் வெவ்வேறு ஸ்பேசருள்ள குச்சிகளைப் பின்னால் ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அடித்தளம் கிடைக்கும்.

படி 5: நிலைகளை அடையாளம் காணுங்கள்

டிஎஸ்சியில் (சூடாகும்போதும் ஆறும்போதும் மாதிரி வாங்கி விடும் வெப்பத்தை அளக்கும் கருவி) எல்லா மாதிரிகளையும் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 10 டிகிரி என்று வைத்து, இரண்டாவது சூடேற்றலில் அளவிடுங்கள். முதல் சூடேற்றல் மாதிரியின் பழைய கதையைத்தான் சொல்லும்: எப்படி உலர்ந்தது, எவ்வளவு நாள் அலமாரியில் கிடந்தது என்று.

பொதுவாக ஸ்பேசர் நீள நீள, பாலிமர் கண்ணாடியாக உறையும் வெப்பநிலை, அதாவது கண்ணாடி வெப்பநிலை, இறங்கும். குட்டையான ஸ்பேசர் நெமாட்டிக் தரும், நீளமானது ஸ்மெக்டிக் தரும். நெமாட்டிக்கில் குச்சிகள் திசை மட்டும் பார்த்து நிற்கின்றன; ஸ்மெக்டிக்கில் வரிசை வரிசையாக அடுக்கும் கட்டுகின்றன. மிக நீண்டுவிட்டால் பக்கச்சங்கிலிகளே படிகமாகிவிடும், அப்புறம் அசைவு பற்றிய கேள்வியே வேறு.

ஸ்மெக்டிக் வந்ததை நுண்ணோக்கியில் உறுதி செய்யுங்கள். பாலிமர் பிசுபிசுப்பானது, சோம்பேறி. தெளிவு வெப்பநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே வைத்து மணிக்கணக்கில், சில சமயம் ராத்திரி முழுக்க விட்டால்தான் விசிறி மாதிரியான வடிவங்கள் விரியும். அவசரப்பட்டால் மணல் தெளித்த மாதிரி ஒன்றுதான் தெரியும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த ஊருக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு உண்டு. மேக்ரி சர்க்கிளை ஒட்டிய ராமன் ஆய்வு நிலையத்தில் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும் 1977ல் தட்டு வடிவ மூலக்கூறுகள் தூண்களாக அடுக்கிக்கொள்ளும் புதுத் திரவப் படிக நிலையைக் கண்டார்கள். பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு நெகிழ்வான வால்கள். வால் நீளத்தின் விளையாட்டு அங்கேயும் உண்டு. ரைனிட்சர் கொலஸ்டிரில் பென்சோயேட் இரண்டு முறை உருகுவதைப் பார்த்துத் திகைத்ததும் 1888ல், சர் சி. வி. ராமன் திருச்சியில் பிறந்ததும் 1888ல். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது.

படி 6: டைஎலக்ட்ரிக் அளவீடும், நான் மாட்டிக்கொண்ட இடமும்

குச்சியில் மின் இருமுனை (ஒரு பக்கம் சற்று நேர் மின்னூட்டம், மறுபக்கம் சற்று எதிர்) இருந்தால், மாறும் மின்புலத்தைக் கொடுத்து எந்த அதிர்வெண்வரை அது பின்தொடர்கிறது என்று பார்க்கலாம். மாதிரியைத் தெளிவு வெப்பநிலைக்கு மேலே சூடாக்கி, வலுவான காந்தப்புலத்திலோ மின்புலத்திலோ மெல்ல ஆற்றி குச்சிகளை ஒரே திசையில் நிறுத்துங்கள். அளக்கும் புலத்துக்கு இணையாக நிறுத்தினால் டெல்டா ஓங்கித் தெரியும். செங்குத்தாக நிறுத்தினால் அது அடங்கி, மற்றவை வெளியே வரும். தாழ்ந்த அதிர்வெண்ணில் அயனிகளின் மின்கடத்தல் மலை மாதிரி எழும்பி டெல்டாவை மறைக்கும். மாதிரியை நன்றாகச் சுத்தப்படுத்துவதைத் தவிர இதற்கு நல்ல மருந்து இல்லை.

சரி, என் கதை. இரண்டாம் ஆண்டில் நான்கு பாலிமர்களையும் ஒரே வெப்பநிலையில் அளந்தேன். ஸ்பேசர் நீள நீள டெல்டா வேகம் ஏணி வைத்தாற்போல் ஏறியது. அழகான நேர்க்கோடு. அதை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன். என் ஆசிரியர் பார்த்துவிட்டு, “வாப்பா, காபி சாப்பிடலாம்” என்று தர்ஷினி ஓட்டலுக்கு அழைத்துப் போனார். ஒன் பை டூ சொல்லிவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் நாலைந்து எண் எழுதினார்.

கணக்கு இதுதான். ஒரு பாலிமரின் கண்ணாடி வெப்பநிலை 40 டிகிரி, இன்னொன்றுடையது 20 என்று வையுங்கள். இரண்டையும் 60 டிகிரியில் அளக்கிறோம். முதலாவது தன் கண்ணாடி நிலையிலிருந்து 20 டிகிரி மேலே, இரண்டாவது 40 டிகிரி மேலே. கண்ணாடி நிலைக்கு மேலே வேகம் எப்படி ஏறுகிறது என்பதற்கு வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரின் சூத்திரம் இருக்கிறது. அதன் வழக்கமான மாறிலிகள் 17.44, 51.6. வெப்பநிலை வித்தியாசத்தை 17.44ஆல் பெருக்கி, வித்தியாசத்தோடு 51.6 கூட்டி அதனால் வகுத்தால், எத்தனை பத்தின் அடுக்கு என்று வரும். முதலாவதுக்கு 4.87, இரண்டாவதுக்கு 7.62. வித்தியாசம் 2.75 அடுக்கு, அதாவது 550 மடங்குக்கும் மேல்.

ஸ்பேசர் குச்சிக்குத் தனியாக எந்த உபகாரமும் செய்யாமல் இருந்தாலும், கண்ணாடி வெப்பநிலை இறங்கியதாலேயே இவ்வளவு வேகம் தெரியும். என் அழகான கோடு பெரும்பாலும் அதுதான். காபி ஆறிப்போனது.

ஒப்பிட்டுப் பார்க்க: பீட்டா மாதிரி ஓர் அசைவின் தடை 55 கிலோஜூல் என்றால், 300 கெல்வினிலிருந்து 320க்குப் போகும்போது வேகம் நான்கு மடங்குதான் கூடும். அதே 20 டிகிரி, கண்ணாடி நிலைக்குச் சற்று மேலே ஆல்ஃபாவுக்கு எழுபதாயிரம் மடங்கு. எந்த அசைவு என்று கேட்காமல் பேசவே முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஆகவே வரைபடம் இரண்டு போடுங்கள். ஒன்று, வேகத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக: நேர்க்கோடு வந்தால் அரீனியஸ் வகை, உள்ளூர் அசைவு, கண்ணாடி நிலையை நெருங்க நெருங்க வளைந்து கீழே விழுந்தால் கூட்டு அசைவு. இரண்டாவது, கண்ணாடி வெப்பநிலையிலிருந்து எவ்வளவு மேலே என்ற அளவுக்கு எதிராக. அதில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டால், ஸ்பேசர் செய்தது கண்ணாடி நிலையை நகர்த்தியது மட்டும்தான். விழாமல் விலகி நின்றால், அந்த விலகல்தான் கயிற்றின் சொந்த வேலை. எழுத வேண்டியது அதைத்தான்.

விலகல் எப்போதும் “வேகம் கூடியது” என்ற பக்கமே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஸ்பேசர் நீண்டு பாலிமர் ஸ்மெக்டிக் ஆகிவிட்டால், குச்சி புரள்வதற்கு அடுக்கையே கலைக்க வேண்டியிருக்கும். டெல்டாவின் தடை நெமாட்டிக்கில் இருப்பதைவிட ஏறிவிடும். கயிறு நீண்டது, ஆனால் மாடுகள் எல்லாம் தொழுவத்தில் வரிசையாக நின்றுவிட்டன. அதனால் நெமாட்டிக்கை நெமாட்டிக்கோடும், ஸ்மெக்டிக்கை ஸ்மெக்டிக்கோடும் வைத்தே ஒப்பிடுங்கள்.

படி 7: டியூட்டீரியம் என்எம்ஆர்

வசதியும் காசும் இருந்தால் மட்டும். ஸ்பேசரில் குறிப்பிட்ட ஒரு கார்பனில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்தால், அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வை அளக்கும் என்எம்ஆர் கருவியில் அந்த ஒரு இடம் என்ன செய்கிறது என்று தனியாகக் கேட்கலாம். விநாடிக்குப் பத்தாயிரம் முதல் ஒரு கோடி முறை வரையான அசைவுகள் கோட்டின் வடிவத்திலேயே தெரியும்.

கணக்கு எளிது. சங்கிலி நேராக நின்று தன் அச்சைச் சுற்றி வேகமாகச் சுழல்கிறது, திசை காந்தப்புலத்துக்கு இணை என்றால், இரட்டைக் கோட்டின் இடைவெளி சுமார் 126 கிலோஹெர்ட்ஸை ஒழுங்கு அளவால் பெருக்கினால் வருவது. ஒழுங்கு அளவு என்பது எல்லாம் ஒரே திசை என்றால் 1, தாறுமாறு என்றால் 0; அது 0.6 என்றால் இடைவெளி சுமார் 76. சங்கிலி திருகத் திருக அதற்கும் கீழே இறங்கும். பக்கச்சங்கிலி பாலிமரில் குச்சியை ஒட்டிய சிஎச்2 ஒழுங்கோடு இருக்கும், முதுகெலும்பை நோக்கிப் போகப் போக ஒழுங்கு தேயும். கயிறு எந்த இடத்தில் தளர்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

படி 8: நீளத்தை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

எழுதியதை அழியாமல் வைத்திருக்க வேண்டிய படலம் என்றால், அறை வெப்பநிலை கண்ணாடி நிலைக்குள்ளேயே விழ வேண்டும். குட்டை ஸ்பேசர், விறைப்பான மெத்தாக்ரிலேட் முதுகெலும்பு. மின்புலத்தில் திரும்ப வேண்டும் என்றால் சிலாக்ஸேனும் நடுத்தர ஸ்பேசரும். சூட்டில் சுருங்கி விரியும் திரவப் படிக ரப்பர் என்றால் கயிற்றை ரொம்ப நீட்டாதீர்கள். அங்கே குச்சியின் திருப்பம் முதுகெலும்பை இழுத்தாக வேண்டும், முழுக்க விட்டுவிட்டால் ரப்பர் சும்மா கிடக்கும்.

படி 9: திரும்பவும் டிஎஸ்சி

அளந்து முடித்த அதே மாதிரியை மறுபடி டிஎஸ்சியில் வையுங்கள். சூட்டில் பல மணிநேரம் கிடந்த பாலிமர் சிதைந்திருக்கலாம், நீளமான ஸ்பேசர் உள்ளது மெல்லப் படிகமாகியிருக்கலாம், ஜூலை ஆகஸ்ட் மழையில் ஈரம் வாங்கியிருக்கலாம். கண்ணாடி வெப்பநிலை மூன்று டிகிரி நகர்ந்திருந்தாலே, மேலே போட்ட கணக்கின்படி, அங்கே வேகம் இரண்டு மடங்குக்கு மேல் பிசகும். நகர்ந்திருந்தால் அந்தத் தொகுதி எண்களை நோட்டில் சிவப்பால் குறித்துவிட்டு, மாதிரியை வெற்றிட அடுப்பில் உலர்த்தி, படி 5லிருந்து மறுபடி தொடங்குங்கள்.